கடைசிப் படியில் தொடங்கியவர்கள்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த யாரையாவது பிடித்து ‘வாட்டர்ஃபால் மாடல்’ என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டுக் காட்டுவார்கள். இடது மேல் மூலையில் ஒரு கட்டம். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம் தள்ளி இன்னொன்று. இப்படி இறங்கிக்கொண்டே போகும் ஐந்தாறு கட்டங்கள்: தேவையைக் கேட்டறிதல், ஆய்வு, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங், கடைசியாகப் பராமரிப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. செமஸ்டர் தேர்வில் 16 மார்க் கேள்வி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுத்து கட்டத்துக்கு வெளியே வழியாமல் எழுதினால் 12 மார்க் கையில். மென்பொருளின் முழு வாழ்க்கைச் சுழற்சியும் எங்களுக்கு அந்த ஒரு பக்கத்தில் முடிந்துபோனது.

அந்தப் படத்துக்கு ஒரு கதை இருக்கிறது. வகுப்பில் யாரும் சொன்னதில்லை. 1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வெஸ்கான் மாநாட்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை வாசித்தார். பெரிய மென்பொருள் அமைப்புகளை உருவாக்கும் வேலையை எப்படி நிர்வகிப்பது என்பது பொருள். விண்கலத் திட்டங்களுக்கு மென்பொருள் செய்த அனுபவம் அவருக்கு. படிகள் இறங்கும் அந்தப் படம் அதில்தான் வருகிறது. ஆனால் படத்தைப் போட்ட கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதிவிடுகிறார். நேரம், நினைவகம், உள்ளே வரும் தரவு இவையெல்லாம் நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது டெஸ்டிங்கில்தான் முதன்முதலாகத் தெரிகிறது. அங்கே அடி விழுந்தால் வடிவமைப்பு வரைக்கும், சில சமயம் தேவைப் பட்டியல் வரைக்கும் திரும்பி ஏற வேண்டும். மீதிப் பக்கங்கள் முழுக்க அதற்கான மருந்து: ஒருமுறை சிறிதாகக் கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நிஜமாகக் கட்டுங்கள், வாடிக்கையாளரை ஆரம்பத்திலிருந்தே உள்ளே வைத்திருங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ‘வாட்டர்ஃபால்’ என்ற சொல்கூட அந்தக் கட்டுரையில் கிடையாது. 1976இல் பெல், தாயர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் அது வந்து ஒட்டிக்கொண்டது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட தரவிதி ஏறக்குறைய அந்தப் படியிறக்கத்தையே ஒப்பந்ததாரர்களிடம் எதிர்பார்த்தது. அப்புறம் பாடப்புத்தகங்கள், அப்புறம் எங்கள் 16 மார்க். எச்சரிக்கை வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

ராய்ஸுக்கு இரண்டு வருடம் முன்பே, 1968 அக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் இதே தலைவலியைப் பேசியிருக்கிறார்கள். வேலை தாமதமாகிறது, செலவு எகிறுகிறது, வந்து சேர்ந்த பிறகு சொன்னதைச் செய்வதில்லை. ‘சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்’ என்ற பெயர் பரவியதே அந்த மாநாட்டின் தலைப்பால்தான். அப்போதிருந்து கேள்வி மாறவில்லை. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு, வாடிக்கையாளரிடம் போய்க் கேட்பதில் தொடங்கி, செய்து முடித்ததை வருடக்கணக்கில் ஓட்டுவது வரைக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இந்தியாவில் இதற்கு ஒரு விசித்திரமான முன்கதை உண்டு. அந்தப் படத்துக்குள் நாம் நுழைந்ததே கடைசிக் கட்டத்தின் வழியாகத்தான்.

1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸுக்கு, எஃப்.சி. கோலியின் தலைமையில், 1974இல் ஒரு வெளிநாட்டு வேலை கிடைத்தது. அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனத்துக்காக, ஒரு மருத்துவமனைக் கணக்குத் தொகுப்பை ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக் கணினிக்கு மாற்றித் தர வேண்டும். யாரோ கேட்டறிந்து, யாரோ வடிவமைத்து, யாரோ எழுதி, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த ஒன்று. நம் ஆட்கள் கையில் கிடைத்தது அதன் பின்வாழ்க்கை.

இதைவிட எனக்குப் பிடித்த கதை சி.எம்.சி.யுடையது. 1970களின் நடுவில் மத்திய அரசு தொடங்கிய அந்த நிறுவனத்தின் முழுப்பெயர் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெயரிலேயே பராமரிப்பு! பங்குகளை இந்தியர்களுக்கு விட்டுத்தர வேண்டும் என்ற அன்னியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் ஐ.பி.எம். 1978இல் நாட்டை விட்டுக் கிளம்பியபோது, அது விட்டுப்போன கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சி.எம்.சி.யிடம் வந்தது. செய்தவன் போய்விட்டான், பொருள் ஓடியாக வேண்டும். இதைவிடக் கறாரான பயிற்சி வகுப்பு எது?

அந்த நிறுவனம்தான் சில வருடங்களில் ரயில்வே முன்பதிவுக்கு மென்பொருள் செய்தது. இம்ப்ரெஸ் என்று பெயர், 1985-86இல் புது தில்லியில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் சேலம் ஜங்ஷனில் டிக்கெட் எடுத்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பேரேடு. அந்தப் பேரேடு எந்தக் கிளார்க்கிடம் இருக்கிறதோ அந்த வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி போகும். பதில் வருவதும் வராததும் அவரவர் ராசி. அந்தப் பேரேட்டுக்குள் இருந்த விதிகளை யோசித்துப் பாருங்கள்: பெட்டி வகைகள், வகுப்புகள், நடுவழி ஸ்டேஷன்களுக்கான கோட்டா, ராணுவத்தினர் சலுகை, எம்.பி. கோட்டா, நோயாளிக்கும் கூடவரும் ஆளுக்கும் தனிக் கட்டணம். இதையெல்லாம் முழுசாகத் தெரிந்த ஒரே ஒருவர் என்று யாரும் இருக்க வாய்ப்பில்லை. கவுன்ட்டர்களில் சிதறிக் கிடந்த அறிவு அது. தேவையைக் கேட்டறிதல் என்ற முதல் கட்டத்துக்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய களம் அமைந்திருக்குமா என்று தெரியவில்லை.

இந்த வெற்றிக்கு என் விளக்கம் ஒன்று உண்டு, ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. பராமரிப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘நாளைக்கு இது நின்றால் யார் பதில் சொல்வது’ என்ற கேள்வியோடுதான் வடிவமைப்புக்குள் போகும். கடைசிக் கட்டத்தின் பயம் அதற்கு முதல் கட்டத்திலேயே இருக்கும். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். தில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்தராபாத் என்று தனித்தனியாக நடந்துகொண்டிருந்த முன்பதிவை, ரயில்வேயின் சொந்த நிறுவனமான கிரிஸ் 1990களின் இறுதியில் ஒன்றாக இணைத்தது. 1997இல் தத்கால் வந்தது. 2002இல் இணையத்தில் டிக்கெட். முன்பதிவுக் காலம் ஒவ்வொரு முறையும் கூடும், குறையும். 2024 நவம்பரில்கூட 120 நாளிலிருந்து 60 நாளுக்கு இறங்கியது. ‘டெலிவரி முடிந்தது’ என்று ஒரு நாளைக் குறித்து மாலை போட வழியே இல்லை. பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மெல்லப் பயனற்றுப் போகும் என்று மெயர் லேமன் 1970களில் விதியாகவே எழுதி வைத்தார். ரயில்வே அதற்கு உதாரணமாக இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் இந்திய மென்பொருள் தொழில் பெருத்தது சி.எம்.சி. வழியில் அல்ல. 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் தொழில்நுட்பப் பிரிவாகத் தொடங்கிய காக்னிசன்ட் உட்பட, பல நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது ஒய்டூகே. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய கோபால் நிரல்களில் லட்சக்கணக்கான வரிகளைத் தேடித் திருத்தும் வேலை. திருத்தியவர்களுக்கு அந்த நிரலை எழுதியவர் யாரென்று தெரியாது, பயன்படுத்துகிறவரையும் தெரியாது. பராமரிப்புதான், ஆனால் துண்டு துண்டாக நறுக்கிய பராமரிப்பு. சி.எம்.சி.யின் ஆள் ஒரு இயந்திரத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்தான். ஒய்டூகே ஆள் ஒரு ஃபைலோடு ஒரு மதியம் வாழ்ந்தான்.

வேலை கொடுப்பவன் கடல் தாண்டி இருக்கும்போது, முகம் தெரியாத இந்தக் குழுவை எப்படி நம்புவது? அதற்கு ஒரு அளவுகோல் தேவைப்பட்டது, அமெரிக்காவில் அது தயாராகவே இருந்தது. பாதுகாப்புத் துறை பணத்தில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்த சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்டில், ஐ.பி.எம்.மில் 27 வருடம் இருந்துவிட்டு வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி ஒரு ஏணியை உருவாக்கினார். சி.எம்.எம். என்ற முதிர்ச்சி மாதிரி, ஐந்து படிகள். பெங்களூரில் இருந்த மோட்டோரோலா பிரிவு 1993இலேயே ஐந்தாம் படியைத் தொட்டது. 2000களின் தொடக்கத்தில் உலகத்தில் அந்தப் படியில் நின்ற நிறுவனங்களில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்தது.

அந்த ஏணியின் மூன்றாம் படியில் ‘பயிற்சித் திட்டம்’ என்பது தனியான ஒரு நிபந்தனை. ஆக, பயிற்சி நடந்தது, நன்றாகவே நடந்தது. மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய பயிற்சி வளாகங்கள் எழுந்தன, எங்கள் ஊர்ப் பையன்களும் பெண்களும் டிரங்குப் பெட்டியோடு அங்கே போய் இறங்கினார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவரை சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டிராத நிறையப் பேருக்கு உருப்படியாகப் பாடம் சொன்ன இடங்கள் அவை. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தின் பயிற்சியில் தேவைகள் ஒரு வாரம், வடிவமைப்பு ஒரு வாரம், டெஸ்டிங் ஒரு வாரம் என்று வாழ்க்கைச் சுழற்சி முழுக்கச் சொல்லித்தந்தார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு கட்டத்தில் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது இரவு ஷிஃப்டில் வரும் டிக்கெட்டுகள். ரயில் டிக்கெட் அல்ல, ‘இங்கே வேலை செய்யவில்லை’ என்ற புகார்ச் சீட்டு. பக்கத்து மேசைக்காரன் மூன்று வருடம் டெஸ்ட் கேஸ் மட்டும் எழுதினான். பயிற்சிப் பதிவேட்டில் இரண்டு பேரும் முழுச் சுழற்சி கற்றவர்கள். ஆடிட்டர் வந்து பார்த்தால் கையெழுத்து இருக்கும்.

ஹம்ஃப்ரிக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஏணி போட்டவர், அடுத்து தனி ஆளிடம் வந்தார். 1995இல் வெளியான அவருடைய புத்தகம் சொன்ன முறைக்குப் பெர்சனல் சாஃப்ட்வேர் பிராசஸ் என்று பெயர். சின்னச் சின்ன நிரல்களை ஒரே ஆள் திட்டமிட்டு, வடிவமைத்து, எழுதி, சோதித்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு பிழையும் எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்றும் எழுத வேண்டும். இந்தக் கடைசிக் குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது. வடிவமைப்பில் நான் விட்ட ஒரு சின்ன அசட்டை டெஸ்டிங்கில் இரண்டு நாளைத் தின்றது என்பதை என் கையெழுத்திலேயே பார்த்துவிட்டால், அந்த 16 மார்க் படத்தின் அம்புக்குறிக்கு ஒரு எடை வந்துவிடும். அந்தக் கணக்கு பொறியாளருக்குச் சொந்தம், மேனேஜர் கையில் போகக்கூடாது என்றும் ஹம்ஃப்ரி வலியுறுத்தினார். நம் ஊர் டைம்ஷீட் கலாச்சாரத்தில் இது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 2000இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயர் கிடைத்தது, முறை அந்த அளவுக்குப் பரவவில்லை.

அதே 2000இல் கல்லூரிகளுக்கென்று ஒரு பாடத்தையும் அவர் புத்தகமாக்கினார். நாலைந்து மாணவர்கள் ஒரு குழு. ஒருவர் தலைமை, ஒருவர் திட்டம், ஒருவர் உருவாக்கம், ஒருவர் தரம், ஒருவர் துணைப்பணி என்று ஐந்து பொறுப்புகள். ஒரு செமஸ்டருக்குள், சுமார் 15 வாரத்தில், ஒரே மென்பொருளை மூன்று சுற்று உருவாக்க வேண்டும். முதல் சுற்றில் சின்னதாக ஓடும் ஒன்று, அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. முதல் சுற்றில் அவசரமாகப் போட்ட முடிச்சை மூன்றாம் சுற்றில் அவர்களே அவிழ்க்க வேண்டும். பராமரிப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே பராமரிப்பைப் புகட்டும் ஏற்பாடு.

எங்களுக்கும் 15 வாரம் இருந்தது. இங்கே கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும். சேலத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி 1966இல் வந்தது. 1984இல் தமிழ்நாடு அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழிவிட்ட பிறகு, லாரியும் ரிக்கும் கோழிப்பண்ணையும் விசைத்தறியும் ஓடிய இந்தச் சமவெளியில் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. லாரி டியூ கட்டியது போக மிஞ்சியதில் ஃபீஸ் கட்டிய வீடுகள், அம்மாவின் நகையை அடகு வைத்து ஹாஸ்டலில் சேர்த்த வீடுகள் எத்தனையோ. அந்தப் பணத்துக்கு ஈடாக ஒரு மாணவன் முழுச் சுழற்சியைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு இறுதியாண்டு ப்ராஜெக்ட். அதைத்தான் விலைக்கு விற்றார்கள். சேலம் ஐந்து ரோட்டிலும் ஈரோட்டிலும் மாடிப்படிகளில் ‘ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்ஸ்’ என்று போர்டு தொங்கும். பணம் கட்டினால் சி.டி.யில் கோடு, பி.பி.டி., பைண்டிங் செய்த அறிக்கை. அறிக்கையில் சாத்தியக்கூறு ஆய்வு முதல் பராமரிப்பு வரை எல்லா அத்தியாயங்களும் ஒழுங்காக இருக்கும். கடைசியில் ‘எதிர்கால மேம்பாடு’ என்று ஒரு பக்கம். வைவா முடிந்த மறுநாள் யாரும் திறக்கப்போகாத நிரலுக்கு எதிர்கால மேம்பாடு! என் வகுப்பில் பாதிப் பேரின் அறிக்கையில் அந்தப் பக்கம் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. வாங்கியவர்களைத் திட்டிப் பயனில்லை. கேட்பதற்கு ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல், ஓட்டிப் பார்க்க ஒரு பயனரும் இல்லாமல் ‘ப்ராஜெக்ட் செய்’ என்றால் அது காகிதமாகத்தான் முடியும். இப்போது நடுக்கட்டத்தின் கோடிங்கை இயந்திரமே கணிசமாக எழுதித் தருகிறது. அந்த நடுக்கட்டத்தை மட்டும் நம்பி இன்றைக்கு வெளியே வரும் இருபத்தொரு வயதுக்காரர்களை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

கார்மிஷ் மாநாட்டின் அறிக்கையைத் தொகுத்த இருவரில் ஒருவர் பீட்டர் நவுர். டென்மார்க்காரர். 1985இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை என் தொழிலில் வாசித்த மிக முக்கியமான எழுத்து என்று சொல்வேன். நிரல் என்பது திரையில் தெரியும் வரிகள் அல்ல, அதை உருவாக்கிய குழுவின் மனதில் இருக்கும் ஒரு புரிதல் என்கிறார். உலகத்தின் எந்த விஷயத்துக்கு எந்த வரி பதில், ஏன் இப்படி வைத்தோம், மாற்றம் வந்தால் எங்கே கை வைக்கலாம் என்ற புரிதல். குழு கலைந்தால் நிரல் செத்துவிடுகிறது, கோடு ஓடிக்கொண்டிருந்தாலும்தான். ஆவணத்தை மட்டும் படித்து அதை உயிர்ப்பிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பது அவர் கட்சி. வருகிறவர்கள் இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்துதான் அந்தப் புரிதலை வாங்கிக்கொள்ள முடியும்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வெறும் சேஸிஸ் உள்ளே வரும். என்ன லோடு ஏற்றப்போகிறது, எந்த ரோட்டில் ஓடும் என்று ஓனர் வந்து உட்கார்ந்து சொல்வார். ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயின்டர் எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில். முக்கியமான விஷயம், அந்த வண்டி எஃப்.சி. வேலைக்குத் திரும்ப அதே பட்டறைக்கு வருகிற வழக்கம். எந்தப் பலகை விரிந்தது, எந்த வெல்டு விட்டது என்று போட்டவரே பார்க்கிறார். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனும் பார்க்கிறான். பட்டறையை ரொம்பப் புகழ வேண்டியதில்லை. அங்கே கூலியும் வேலை நேரமும் எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்த பொருள் செய்தவனிடமே பழுதாகித் திரும்பி வரும் ஒரு ஏற்பாட்டை, எங்கள் ஏ.சி. அறைகளில் நான் ரொம்ப வருடம் பார்க்கவில்லை. அமேசானில் வெர்னர் வோகல்ஸ் 2006இல் ‘எழுதியவரே ஓட்டட்டும்’ என்ற கருத்தைச் சொன்னபோது எங்கள் துறை அதைப் புரட்சி என்று கொண்டாடியது.

ராசிபுரத்தில் என் நண்பர் ஒருவர் நாலு பேரை வைத்துக்கொண்டு சேகோ ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறார். மரவள்ளிக் கிழங்குக்கு எடையை மட்டும் வைத்துப் பணம் போட முடியாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. மண்ணுக்கும் கழிவுக்கும் எடை பிடிப்பார்கள், அந்தப் பிடித்தம் ஆலைக்கு ஆலை வேறு. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அடுத்த வருடம் இ-வே பில். “அந்த ரெண்டு வருசம் வீட்ல தூங்குனதவிட எடைமேடை ரூம்ல தூங்குனதுதாங்க ஜாஸ்தி” என்பார். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்: “தம்பி, பில்லு வர மாட்டேங்குதுங்க, லோடு வண்டி ஆறு நிக்குதுங்க.” அப்போது எஸ்கலேஷன் மேட்ரிக்ஸ் எதுவும் கிடையாது, பைக் சாவிதான்.

அவரிடம் போன வருடம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார், நான் சொன்ன அதே வகைக் கல்லூரிகளில் ஒன்றில் படித்தவர். முதல் பத்து நாள் கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. ஆலையில் எடை போடுகிறவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார். வீட்டில் சண்டையே வந்திருக்கிறது, இன்ஜினியரிங் படிச்ச புள்ளையக் கிழங்கு மண்டியில உக்கார வெச்சுட்டாங்கன்னு. அப்புறம் பிடித்தக் கணக்குப் பகுதியை அவரே எழுதினார். இப்போது அந்த ஆலையிலிருந்து போன் வந்தால் எடுப்பதும் அவர்தான்.

கம்ப்யூட்டர் வந்து பல வருடம் ஆகியும் அந்த எடைமேடை அறையில் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. போகும்போதெல்லாம் முதலில் அதை எடுத்துப் புரட்டுகிறார். நான் கூடப் போயிருந்த அன்றைக்கு அதில் பேனாவால் புதிதாக ஒரு பத்தி போட்டிருந்தார்கள். வண்டி எண்ணுக்கு நேராக, ‘டிரைவர் படி ரூ.200, பில்லில் ஏறாது’. இரண்டு பக்கம் முழுக்க அதே மாதிரி. “இது எப்பருந்துங்கண்ணா?” என்று எடை போடுகிறவரிடம் கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.